ஒரே மரத்தில் ஒரு கித்தார்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. ஆனால் இசைக்கருவி செய்யும் தச்சர்களிடையே இப்பழமொழி அவ்வளவு எளிதில் செல்வதில்லை. வீணைக்குப் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா என்று கருவிதோறும் ஒரு மரத்தை மரபு வகுத்து வைத்திருக்கிறது. அந்த மரத்தை விட்டு வேறொன்றை எடுத்தால் நாதம் பிறவாது என்பது பொதுவான நம்பிக்கை.

மேலைநாட்டுக் கித்தாரைப் பற்றிய நம்பிக்கை இதனினும் வலியது. அதற்கு ஒரு மரம் போதாது. நான்கு மரங்கள் வேண்டும் என்பர். முகப்பலகைக்கு ஐரோப்பிய மலைகளில் வளரும் ஸ்புரூஸ், பின்பலகைக்கும் விலாப்பலகைகளுக்கும் பிரேசில் அல்லது இந்திய ஈட்டி, கழுத்துக்கு நடு அமெரிக்காவின் செட்ரெலா, விரல் படும் பலகைக்கு ஆப்பிரிக்கக் கருங்காலி. நல்ல கித்தார் ஒன்றைக் கையில் எடுப்பவர் நான்கு கண்டங்களின் காடுகளைக் கையில் ஏந்துகிறார்.

இந்த ஏற்பாடு இன்று இடையூறுக்கு உள்ளாகியிருக்கிறது. ஈட்டிக் காடுகள் குறைந்துவிட்டன. அம்மரத்தின் வாணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. ஆகவே பழைய வினா ஒன்று புதிய வலிமையோடு எழுகிறது. அருகிலேயே வளரும் ஒரே ஒரு மரத்தைக் கொண்டு, அதுவும் மென்மரம் ஒன்றைக் கொண்டு, முழுக் கித்தாரையும் கையால் செய்துவிட முடியுமா? செய்தால் அது பாடுமா? இதற்கு விடை காண முதலில் மரத்தையும், பிறகு கருவியையும் அறிதல் வேண்டும்.

மென்மரம் என்னும் பெயர்

மென்மரம், வன்மரம் என்னும் சொற்கள் ஆங்கில வழக்கிலிருந்து தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்புகள். இச்சொற்கள் பலரை மயக்கும். மென்மரம் என்றால் நகத்தால் கீறினாலும் தடம்படும் மரம் என்றும், வன்மரம் என்றால் உளி ஏறாத மரம் என்றும் பலர் கருதுகின்றனர். தாவர நூலார் அவ்வாறு பிரிப்பதில்லை. கூம்பு காய்க்கும் ஊசியிலை மரங்கள் யாவும் மென்மரங்கள். பூத்துக் கனியும் அகன்ற இலை மரங்கள் வன்மரங்கள். பிரிவு வித்தைப் பற்றியது, கடினத்தைப் பற்றியதன்று.

ஆகவே விந்தையான முடிவுகள் கிடைக்கின்றன. பொம்மை விமானம் செய்யப் பயன்படும் பால்சா மரம் பஞ்சுபோல் இலேசானது. ஆயினும் அது வன்மரம். பழங்கால ஆங்கிலேயர் போர்வில் செய்த யூ மரம் உறுதியும் கனமும் உடையது. ஆயினும் அது மென்மரம்.

தமிழ் மரபு மரத்தைப் பிரித்த முறை வேறு. தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் வெளிப்புறத்தில் அமைந்தவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் அமைந்தவற்றை மரம் என்றும் வகுக்கிறது. பனையும் மூங்கிலும் முன்னதில் அடங்கும். மரத்தை அறுத்துப் பார்த்த தச்சனின் கண் இப்பாகுபாட்டில் தெரிகிறது. இம்முறையில் நோக்கினால் ஊசியிலை மரமும் உள்ளே வைரம் பாய்ந்த மரமே. மென்மை என்னும் அடைமொழியைக் கேட்டு அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

மலேசிய நாட்டிலும் மென்மரங்கள் உண்டு. மலாய் மொழியில் டாமார் மின்யாக் எனப்படும் அகாத்திஸ் மரம் அவற்றுள் ஒன்று. அதன் பிசின் நெடுங்காலமாக வாணிகப் பொருளாக இருந்தது. அதன் பலகை ஆசியத் தொழிற்சாலைகளில் விலை குறைந்த மின்கித்தார்களின் உடல் செய்யப் பெரிதும் பயன்பட்டிருக்கிறது. மென்மரமும் கித்தாரும் இப்பகுதிக்கு அயலானவை அல்ல.

உள்ளே இருப்பது என்ன?

ஊசியிலை மரத்தின் துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், மிக நுண்ணிய குழாய்களை ஒன்றாக அடுக்கிக் கட்டியதுபோல் தோன்றும். ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம் உள்ளது. மரத்தின் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இக்குழாய்களே. அவையே நீரை மேலே கொண்டு செல்கின்றன. அவையே மரத்தைத் தாங்கியும் நிற்கின்றன. வன்மரத்தில் இவ்விரு தொழில்களையும் வெவ்வேறு உறுப்புகள் செய்கின்றன. ஆதலால் மென்மரத்தின் அமைப்பு எளிமையும் ஒழுங்கும் மிக்கது.

குளிர்நாட்டில் இளவேனிலில் பிறக்கும் குழாய்கள் அகன்றும் மெல்லிய சுவருடனும் இருக்கும். கோடையின் இறுதியில் பிறப்பவை குறுகித் தடித்த சுவர் பெறும். வெளிர் வரியும் கரு வரியும் மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம். கரு வரி உறுதி தருகிறது. வெளிர் வரி கனத்தைக் குறைக்கிறது.

இதன் விளைவு வியப்புக்குரியது. ஒரு கன மீட்டர் ஸ்புரூஸ் பலகை ஏறத்தாழ 400 முதல் 450 கிலோ எடையுள்ளது. ஈட்டி 800 கிலோவைத் தாண்டும். கருங்காலியோ 1,000 கிலோவை நெருங்கும். எடையில் பாதியே இருந்தும், நார் ஓடும் திசையில் வளையாமல் நிற்கும் விறைப்பில் ஸ்புரூஸ் ஈட்டிக்கு அவ்வளவாகத் தாழ்ந்ததன்று. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்லும். ஸ்புரூஸ் பலகையில் நார் வழியே அது நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாய்கிறது. குறுக்கே செல்லும்போது வேகம் மிகக் குறைந்துவிடும். நெடுக்கு விறைப்பு குறுக்கு விறைப்பினும் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருப்பதே காரணம். முகப்பலகை செய்பவனின் வேலையெல்லாம் இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதுதான்.

ஒலி பிறக்கும் இடம்

கித்தார் நரம்பு தானாக ஒலி எழுப்புவதில்லை. அது மெல்லிய இழை. அது அசைக்கும் காற்று மிகச் சிறிது. நரம்பின் அதிர்வைக் குதிரை முகப்பலகைக்குக் கொண்டு செல்கிறது. அகன்ற முகப்பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளும்போதுதான் செவிக்கு ஒலி கேட்கிறது. நரம்பின் ஆற்றல் மிகச் சிறிது. கனமான பலகையை அசைக்க அது போதாது. பலகை மெலிந்திருந்தால் எளிதில் அசையும். ஆனால் நரம்பின் இழுப்பில் குழிந்துவிடும். ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் இழுக்கின்றன. ஆகவே கனம் குறைந்தும் விறைப்பு மிகுந்தும் உள்ள பலகை வேண்டும். அதனால்தான் உலகெங்கும் கித்தாருக்கும் வயலினுக்கும் பியானோவுக்கும் முகப்பலகை ஊசியிலை மரத்திலேயே செய்யப்படுகிறது.

பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் இசையில் பங்கு கொள்கிறது. வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் ஓர் ஒலி எழுவதைப்போல, ஒலித்துளை உள்ள பெட்டியின் காற்றும் தனக்கென ஒரு சுருதியில் அதிரும். பெரும்பாலான கித்தார்களில் அது நொடிக்கு 90 முதல் 100 அதிர்வுகளை ஒட்டி அமையும். மிகத் தாழ்ந்த நரம்பின் அதிர்வெண் 82. அத்தாழ்ந்த சுரங்களுக்குக் கனம் தருவது இந்தக் காற்றே.

அப்படியானால் பின்பலகையும் விலாப்பலகைகளும் செய்யும் வேலை என்ன? அவை காற்றை அடைத்து நிற்கின்றன. முகப்பலகையின் விளிம்பை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. அவையும் சிறிதளவு அதிரும். அதனால் நாதத்தின் நிறம் சிறிது மாறும். ஆனால் அவை ஒலியைப் பிறப்பிப்பவை அல்ல. இந்த உண்மையை ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் ஒரு தச்சர் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார்.

டோரஸின் அட்டைக் கித்தார்

அந்தோனியோ டி டோரஸ் 1817இல் தென் ஸ்பெயினில் அல்மெரியா நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். இளமையில் தச்சுத் தொழில் பயின்றார். பின்னர் செவில் நகரில் கித்தார் செய்யத் தொடங்கினார். இன்றைய செவ்வியல் கித்தாரின் உருவமும் அளவும் பெரும்பாலும் அவர் கையால் உறுதிப்பட்டவை. உடலைப் பெரிதாக்கினார், முகப்பலகையை மெலிதாக்கினார், அதன் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டினார். விசிறிச் சட்டங்கள் அவருக்கு முன்பே இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி முழுப்பயன் கண்டவர் அவரே.

1862இல் அவர் விந்தையான கருவி ஒன்றைச் செய்தார். முகப்பலகையை வழக்கம்போல் ஸ்புரூஸில் அமைத்தார். பின்புறத்தையும் பக்கங்களையும் மரத்தால் செய்யவில்லை. காகித அட்டையால் செய்தார். கித்தாரின் குரல் முகப்பலகையிலும் அதன் சட்டங்களிலும் இருக்கிறது என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். அக்கருவி இன்று பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசிக்கும் நிலையில் அது இல்லாவிடினும், அது எழுப்பிய வினா இன்றும் வாழ்கிறது. அட்டையே போதுமானால், விலையுயர்ந்த ஈட்டி எதற்கு?

இதே வினாவை 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு முறையில் எழுப்பினர். அமைப்பில் ஒத்த ஆறு எஃகுத் தந்திக் கித்தார்களைச் செய்வித்தனர். பின்பலகை, விலாப்பலகைகளின் மரம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. பிரேசில் ஈட்டியும் இந்திய ஈட்டியும் அவற்றுள் இருந்தன. மேப்பிள், வால்நட் போன்ற விலை குறைந்த மரங்களும் இருந்தன. மங்கிய ஒளியில் கறுப்புக் கண்ணாடி அணிந்த 52 வாசிப்பாளர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். மரத்தின் நிறத்தைக் காண முடியாதபோது, ஒலியின் தரத்தில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர்கள் காட்டவில்லை. டோரஸ் கண்ட முடிவுக்கு இது துணைநிற்கிறது.

ஏழையின் மரம்

தென் ஸ்பெயினில் டோரஸ் காலத்திலும் அதன் பின்னரும் ஈட்டி கடல் கடந்து வந்த விலைமிக்க பொருள். உள்ளூரில் எளிதில் கிடைத்தது சைப்ரஸ். மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் கல்லறைத் தோட்டங்களின் ஓரமாக ஓங்கி நிற்கும் ஊசியிலை மரம் அது. மஞ்சள் வெண்மை நிறமும், அறுக்கும்போது எழும் நறுமணமும் உடையது. டோரஸ் தம் எளிய கித்தார்கள் பலவற்றின் பின்புறத்தையும் பக்கங்களையும் இம்மரத்தால் அமைத்தார்.

அண்டலூசியாவின் ஃபிளமெங்கோ பாடகர்களும் ஆடுவோரும் பெரும்பாலும் வறியவர்கள். அவர்கள் வாங்கக்கூடியது சைப்ரஸ் கித்தார்தான். வறுமை தேர்ந்தெடுத்த மரம் பின்னர் அவ்விசையின் அடையாளமாகவே ஆயிற்று. சைப்ரஸ் அதிர்வை விரைவில் விழுங்கும். ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். பாதத் தட்டோடு போட்டியிடும் விரைந்த தாளத்துக்கு அது மிகப் பொருத்தம். நீண்டு இழையும் ஒலி அங்கே இடையூறாகும். இன்றும் சைப்ரஸ் கித்தாரை வெள்ளை என்றும், ஈட்டிக் கித்தாரைக் கறுப்பு என்றும் ஸ்பானியர் அழைக்கின்றனர். வசதி வந்த பிறகும் பல கலைஞர்கள் வெள்ளையை விடவில்லை.

ஆகவே மென்மரக் கித்தார் கற்பனை அன்று. உடலின் பெரும்பகுதியை மென்மரத்தில் செய்யும் வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. முகப்பையும் சைப்ரஸில் செய்து பார்த்த தச்சர்கள் உண்டு. எஞ்சி நிற்பவை கழுத்து, விரற்பலகை, குதிரை ஆகிய மூன்றே.

கையால் செய்யும் முறை

முதல் வேலை மரத்தைத் தேர்தல். சைப்ரஸ் அடிமுதல் நுனிவரை கிளை விடும் மரம். ஆதலால் கணு இல்லாத நீண்ட துண்டு கிடைப்பது அரிது. கணு உள்ள இடத்தில் நார் சுழன்று செல்லும். அங்கே வளைத்தால் ஒடியும். அடிமரத்தை வாளால் அறுப்பதற்குமுன் கோடரியால் பிளந்து பார்ப்பது நன்று. வாள் தன் போக்கில் செல்லும். பிளவு நாரின் போக்கில் செல்லும். பிளந்த முகம் முறுக்கிக்கொண்டால் அம்மரம் கித்தாருக்கு உதவாது.

பலகையை நடுவிலிருந்து புறம் நோக்கி, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தல் வேண்டும். இவ்வாறு அறுத்த பலகை கோணாது. ஈரத்தால் விரிவதும் சுருங்குவதும் குறைவு. ஒரு தடித்த பலகையை இரண்டாக அறுத்துப் புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து நடுவில் ஒட்டினால், இருபுறமும் ஒரே வரி எதிரெதிராக அமையும். முகப்பும் பின்பலகையும் இவ்வாறே செய்யப்படுகின்றன. ஒட்டுவதற்குமுன் பலகைகளைக் காற்றோட்டமுள்ள நிழலில் நெடுநாள் உலரவிடுதல் இன்றியமையாதது.

அடுத்து முகப்பலகையை இழைப்புளியால் மெலிதாக்க வேண்டும். நடுவில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், ஓரத்தில் 2 மில்லிமீட்டர் என்பது நடுத்தரமான அளவு. ஆனால் அளவுகோல் மட்டும் போதாது. இரண்டு பலகைகள் ஒத்த விறைப்பு உடையனவாக இருப்பதில்லை. சந்தையில் மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, தச்சன் பலகையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்து மறுகையால் தட்டிக் கேட்கிறான்; இரு கைகளாலும் பிடித்து வளைத்துப் பார்க்கிறான். ஒலி மந்தமாக இருந்தால் இன்னும் சீவுகிறான். அளவுக்கு மீறிச் சீவிவிட்டால் மீட்க வழியில்லை. பின்னர் ஒலித்துளையைக் குடைந்து, உட்புறத்தில் விசிறிச் சட்டங்களை ஒட்டுகிறான். இச்சட்டங்களும் அதே மரம். நார் அவற்றின் நெடுக ஓட வேண்டும். சட்டங்கள் நெடுக்கிலும் ஓரளவு சாய்ந்தும் நிற்பதால் குதிரையின் இழுப்பைப் பலகை முழுவதற்கும் பங்கிடுகின்றன.

விலாப்பலகைகள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ளவை. அவற்றை நீரில் நனைத்து, உள்ளே சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் அழுத்தி மெல்ல வளைக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் சேரும்போது நார்களைப் பிணைத்து நிற்கும் பொருள் இளகும். ஆறியதும் புதிய வளைவில் இறுகிவிடும். சைப்ரஸ் இவ்வேலைக்கு இணக்கமானது. எனினும் இடை ஒடுங்கும் இடத்தில் அவசரம் காட்டினால் நார் தெறித்துவிடும்.

ஸ்பானிய முறையில் கித்தார் முகம் குப்புறக் கிடக்கும் நிலையில் கூட்டப்படுகிறது. கழுத்தின் அடிப்பகுதியில் இருபுறமும் பள்ளம் வெட்டி, விலாப்பலகைகளின் முனையை அதில் செருகுவர். கழுத்தும் உடலும் பின்னர் இணைக்கப்படுவன அல்ல. தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வளர்வன. முகப்பும் விலாவும் கூடும் மூலையில் சிறுசிறு மரத்துண்டுகளை வரிசையாக ஒட்டிப் பிணைப்பர். மூன்று குறுக்குச் சட்டங்கள் ஒட்டிய பின்பலகை இறுதியில் வந்து பெட்டியை மூடும். ஒட்டுவதற்கு மரபாகப் பயன்பட்டது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாகப் பூசுவர். பழுது பார்க்கும்போது ஈரமும் சூடும் கொடுத்தால் அது மீண்டும் இளகும் என்பது அதன் தனிச்சிறப்பு.

மெட்டுகளின் இடம் கணக்கால் அமைவது. மேற்பாலத்துக்கும் குதிரைக்கும் இடையே 650 மில்லிமீட்டர் என்பது டோரஸ் நிலைநாட்டிய நீளம். எஞ்சிய நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தொலைவு கிடைக்கும். முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில் அமையும். பன்னிரண்டாவது சரிபாதியான 325இல் அமையும். பழைய தச்சர்கள் எளிமை கருதி 18ஆல் வகுத்தனர். அவ்வாறு செய்தால் பன்னிரண்டாவது மெட்டு 322.6 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். செவி அந்தக் குறையைக் கண்டுபிடித்துவிடும்.

மென்மரம் தடுமாறும் இடங்கள்

மூன்று இடங்களில் மென்மரம் தன் வரம்பைக் காட்டுகிறது. முதலாவது கழுத்து. 40 கிலோ இழுப்பை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டிய உறுப்பு அது. மரம் நீண்டநாள் சுமையில் மெல்ல வளையும் இயல்புடையது. வளைந்தால் நரம்பு உயர்ந்து, விரல் நோகும். இதற்கு வழி உண்டு. ஒரே துண்டாகச் செய்யாமல், நார் எதிரெதிராக அமையும்படி மூன்று கீற்றுகளை ஒட்டிக் கழுத்தை அமைத்தால் அது திருகாது. தடிப்பைச் சிறிது கூட்டினாலும் விறைப்பு பெரிதும் கூடும்; தடிப்பு இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. கழுத்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருப்பதில் வாசிப்பவருக்குப் பெரிய இழப்பு இல்லை.

இரண்டாவது விரற்பலகை. நகமும் நரம்பும் நாள்தோறும் படும் இடம் அது. மென்மரம் விரைவில் குழியும். நைலான் நரம்பு எஃகைப்போல் அறுப்பதில்லை என்பது ஓர் ஆறுதல். வளையங்கள் நெருங்கிய, கரு வரி மிகுந்த பகுதியைத் தேர்ந்து, கடினமாக இறுகும் பிசினை ஊட்டினால் தேய்மானம் தாமதப்படும். ஆயினும் கருங்காலியின் ஆயுளை அது எட்டாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி அதை அமைப்பதே அறிவுடைமை.

மூன்றாவது குதிரை. நரம்புகளைக் கட்டும் துளைகள் வரிசையாக அமையும் இடத்தில் மென்மரம் நார் வழியே பிளக்கக்கூடும். துளைகளுக்கு மேல் எலும்புத் தகடு ஒன்றைப் பதித்தால் சுமை பரவும். இங்கே மென்மரத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. குதிரை இலேசாக இருந்தால் முகப்பலகை எளிதில் அசையும்; ஒலி விரைந்து எழும்.

பிருடைகளை மட்டும் மென்மரத்தில் செய்வது பயன் தராது. திருகுந்தோறும் துளை தளரும். உலோகத் திருகுகளே ஏற்றவை. மெட்டுகள் உலோகம், மேற்பாலம் எலும்பு, நரம்பு நைலான். ஆகவே ஒரே மரம் என்பது கருவியின் மரப்பகுதியையே குறிக்கும்.

எடையில் பெரிய இலாபம் கிடைக்கிறது. பின்புறமும் பக்கங்களும் ஈட்டிக்கு மாறாகச் சைப்ரஸில் அமைந்தால் அவ்வளவிலேயே ஏறத்தாழ 200 கிராம் குறையும். கருங்காலியும் விலகினால் கருவி இன்னும் இலேசாகும். இறுதியாகப் பூசும் பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் பலமுறை தேய்ப்பது நல்ல தச்சர்களின் வழக்கம். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் தருவது.

காற்றின் ஈரம்

மென்மரமாயினும் வன்மரமாயினும் மரத்துக்குக் காற்றின் ஈரமே பெரும் பகை. ஸ்பெயினின் உள்நாட்டுக் காற்று வறண்டது. பட்டறைகளில் 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் கித்தார் கூட்டப்படுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இம்மாற்றத்தில் 36 சென்டிமீட்டர் அகலமுள்ள முகப்பலகை, கட்டுப்பாடின்றி விட்டால், குறுக்கே 3 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் விரிய வழியின்றி அது மேல்நோக்கிப் புடைக்கும். இதனால் பெரும்பாலும் விரிசல் வருவதில்லை; நரம்பு உயர்ந்துவிடும்; ஒலி மந்தமாகும்.

மறுதலையே அஞ்சத்தக்கது. ஈரமான காற்றில் கூட்டிய கருவியை வறண்ட நாட்டுக்கோ, குளிர்சாதனம் நாள் முழுதும் இயங்கும் அறைக்கோ கொண்டுசென்றால் பலகை சுருங்கும். சுருங்க இடமின்றி நடுவே வெடிக்கும். ஆகவே வெப்பநாட்டில் கருவி செய்வோர் முகப்பையும் பின்புறத்தையும் ஒட்டும் நாள்களில் மட்டுமேனும் உலர்ந்த அறையில் வேலை செய்தல் வேண்டும். முழுக் கருவியும் ஒரே மரமாக இருப்பதில் இங்கு ஒரு நன்மை உண்டு. உறுப்புகள் யாவும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்து சுருங்குவதால், ஒட்டிய இடங்களில் ஒன்றோடொன்று இழுபறி குறைகிறது.

காடும் கருவியும்

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை, 1992இல் பிரேசில் ஈட்டியை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே அம்மரம் அரிதாகிவிட்டது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் அதனை விடுத்து இந்திய ஈட்டிக்கு மாறியது. அந்த இந்திய ஈட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் தோதகத்தியே. தமிழ்நாட்டுத் தச்சன் பெட்டியும் கட்டிலும் செய்த மரம் உலகெங்கும் கித்தாரின் முதுகாக அமைந்தது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் உடன்படிக்கையின் கீழ் வந்தது. அதன்பின் இசைக்கலைஞர்கள் தம் கருவியுடன் எல்லை கடப்பதே தொல்லையாயிற்று. 2019இல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அந்த விலக்கு நியாயமானதே. ஈட்டிக் காடுகளை அழித்ததில் பெரும்பங்கு ஆடம்பர மேசை நாற்காலிகளுக்கு உரியது. கித்தாரின் பங்கு சிறிது. ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கள்ள வாணிகத்தில் பிடிபட்ட காட்டுயிர்ப் பொருள்களுள் மதிப்பில் முதலிடம் ஈட்டி வகை மரங்களுக்கே. யானைத் தந்தம் அதற்கு அடுத்தே வந்தது. ஆயினும் தம் பங்கு சிறிது என்பதால் இசைத்தச்சர்கள் தம் கடமையினின்று நீங்கிவிட முடியாது. ஈட்டி இன்றிக் கித்தார் இல்லை என்று சொல்லிச் சொல்லி அம்மரத்துக்கு மதிப்பேற்றியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஒரே மென்மரத்தில் செய்த கித்தார் எல்லா வகையிலும் சிறந்தது என்று கூற முடியாது. அதன் விரற்பலகை விரைவில் தேயும்; அதன் மேனியில் எளிதில் வடுப்படும்; நீண்டு இழையும் ஒலியை விரும்புவோர்க்கு அதன் குரல் சற்று வறண்டதாகத் தோன்றலாம். ஆனால் அது பாடும் என்பதில் ஐயமில்லை. குரலைத் தரும் உறுப்பு என்றும் மென்மரமாகவே இருந்துவருகிறது. ஏனைய உறுப்புகளில் அரிய மரங்களைச் சேர்த்தது உறுதியை வேண்டியும் அழகை வேண்டியுமே. உறுதிக்கு மாற்று வழிகள் உண்டு. அழகு பழக்கத்தைப் பொறுத்தது.

தம் கலையின் மறைபொருள் யாது என்று வினவியபோது, டோரஸ் தம் கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் காட்டியதாக அவருடைய நண்பரான பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். மெலிந்த பலகையை அவ்விரு விரல்களுக்கிடையே பிடித்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று அறியும் அறிவையே அவர் குறித்தார். அவ்வறிவு கைவரப் பெற்ற தச்சனுக்கு, அருகில் நிற்கும் ஊசியிலை மரமே போதும்.